முன்நெற்றிப் புறணி நினைவுகளைச் சேமிப்பதில்லை என்றால், வேறு என்னதான் செய்கிறது?

கேள்வி: "நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ் அடிபட்டவர்களுக்கு நினைவு போவதில்லை, ஐ.க்யூ. சோதனையில்கூடப் பலர் நன்றாகவே செய்கிறார்கள் என்று படித்தேன். ஆனால் கற்றலுக்கும் நினைவுக்கும் அதுதான் முக்கியம் என்றும், பயத்தை மறக்க வைப்பதே அதுதான் என்றும் வேறு இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்? சர்க்யூட் அளவில் யாராவது விளக்குவீர்களா?"

இரண்டும் சரிதான். குழப்பம் 'நினைவு' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதால் வருகிறது.

கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். தண்ணீர் கண்மாயில் கிடக்கிறது, பயிர் வயலில் நிற்கிறது, அவரிடம் இருப்பது ஒரு மண்வெட்டி. எந்த மடையை எப்போது திறப்பது, எதை அடைப்பது என்பதே அவர் வேலை. அவர் வராத நாளில் கண்மாய் வற்றிவிடாது. தண்ணீர் பள்ளம் பார்த்து, பழகிய வாய்க்காலிலேயே ஓடும். முன்நெற்றிப் புறணியை (ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸை இனி இப்படியே சொல்கிறேன்) இப்படிப் பார்த்தால் அடிபட்ட நோயாளிகளின் நடத்தையில் பாதி விளங்கிவிடும். ஒரே சூழலுக்கு மூளையில் இரண்டு மூன்று பதில்கள் தயாராக இருக்கும்போது, இப்போது எது செல்லும் என்று முடிவாக வேண்டும். அந்த இடத்தில்தான் இது தேவைப்படுகிறது. ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது, அதுவும் நன்றாகப் பழகியது என்றால், இது இல்லாமலும் வண்டி ஓடும்.

இதைச் சொல்லும்போது எல்லோரும் ஃபினியஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் மண்டையில் 1848இல் கம்பி பாய்ந்த கதைக்குப் போவார்கள். அதை விட்டுவிடலாம். ஸ்கேன் இல்லாத காலத்து ஒற்றைச் சம்பவம் அது, சொல்லச் சொல்லக் கால் முளைத்துவிட்டது. அதைவிடத் தெளிவான சான்று, மாண்ட்ரியலில் பிரெண்டா மில்னர் 1963இல் வெளியிட்ட சீட்டுப் பிரிக்கும் சோதனை. மேசையில் நான்கு மாதிரிச் சீட்டுகள். நோயாளியிடம் 128 சீட்டுகள் கொண்ட கட்டு. ஒவ்வொரு சீட்டையும் ஏதாவது ஒரு மாதிரியின் கீழ் வைக்க வேண்டும். நிறத்தை வைத்தா, வடிவத்தை வைத்தா, எண்ணிக்கையை வைத்தா என்று சொல்லமாட்டார்கள். 'சரி', 'தப்பு' மட்டும்தான் பதில். தொடர்ந்து பத்து சரியானதும், சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றிவிடுவார்கள்.

வலிப்பு நோய்க்காக முன்மடலின் (முன்நெற்றிப் புறணி இதன் முன்பகுதி) மேற்பக்கவாட்டுப் பகுதியை வெட்டியெடுத்த நோயாளிகள் முதல் விதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விதி மாறியதும் மாட்டிக்கொண்டார்கள். 'தப்பு, தப்பு' என்று கேட்டுக்கொண்டே பழைய விதிப்படியே சீட்டு வைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவர்களில் சிலர் இது தப்பாகத்தான் இருக்கும் என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் தப்பான இடத்தில் வைத்தார்கள். தகவல் இருக்கிறது, அது கையை ஆளவில்லை. இதே மில்னர் ஆராய்ந்த எச்.எம். என்ற நோயாளி இதற்கு நேர் எதிர். 1953இல் அறுவையில் இருபக்க ஹிப்போகாம்பஸும் (புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி) போனபின் அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை.

நினைவுச் சோதனைகளிலும் இந்த வித்தியாசம் தெரியும். பதினைந்து சொற்களைப் படித்துக்காட்டிப் பிறகு 'நீங்களாகச் சொல்லுங்கள்' என்றால் முன்மடல் அடிபட்டவர் தடுமாறுவார். அதே சொற்களை வேறு சொற்களோடு கலந்து 'இது இருந்ததா?' என்று கேட்டால் ஏறத்தாழச் சரியாகச் சொல்வார். சொல் உள்ளே பதிந்திருக்கிறது, தேடி எடுக்கும் திட்டம்தான் இல்லை. ஜோடிச் சொற்கள் இன்னும் கடுமை. முதலில் 'சிங்கம் - காடு' என்று படிக்க வைத்து, பிறகு 'சிங்கம் - சர்க்கஸ்' என்று மாற்றினால், இரண்டாம் சுற்றிலும் 'காடு' வந்து குறுக்கே நிற்கும். எந்தத் தகவல் யார் சொன்னது, எது முதலில் எது பிறகு என்பதும் கலங்கும். முன்புற இணைப்புத் தமனியில் வீக்கம் வெடித்த சிலர் நடக்காததை நடந்ததாக முழு நம்பிக்கையோடு சொல்வார்கள். அது பொய் இல்லை. துணுக்குகள் பலவும் உண்மையானவை. எது எந்த நாளுக்குரியது, எது இப்போது பொருந்தாது என்று வடிகட்டும் இடம் கெட்டுவிட்டது.

கண்குழிக்கு மேலே உள்ள உட்கீழ்ப் பகுதி கெட்டால் கதை வேறு. அதற்கு எல்லாப் பாடநூலிலும் அயோவா சூதாட்டச் சோதனையைக் காட்டுவார்கள். நான்கு சீட்டுக் கட்டுகள், 2000 டாலர் கடன், நூறு தடவை சீட்டு எடுக்க வேண்டும். ஏ, பி கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் கிடைக்கும். ஆனால் பத்துச் சீட்டுக்கு 1250 டாலர் அபராதம், ஆக 250 நஷ்டம். சி, டி கட்டுகளில் சீட்டுக்கு 50தான், பத்துச் சீட்டு முடிந்தால் 250 லாபம். நோயாளிகள் ஏ, பி பக்கமே போகிறார்கள். உடனே 'அவர்களுக்குப் பின்விளைவு தெரியாது' என்று முடிவு கட்டினார்கள். இதில் ஒரு ஓட்டை இருந்தது. கெட்ட கட்டுகளில் முதல் சில சீட்டுகள் லாபம் மட்டுமே தரும்படி அடுக்கியிருந்தார்கள். அதனால் எவருமே முதலில் 'ஏ, பி நல்லது' என்று கற்றுக்கொண்டு, பிறகு அதைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. 2005இல் ஃபெல்லோஸும் ஃபாராவும் நஷ்டம் ஆரம்பத்திலேயே தெரியும்படி கட்டை மாற்றி அடுக்கிக் கொடுத்தபோது அந்த நோயாளிகள் மற்றவர்களைப் போலவே விளையாடினார்கள். குறை பின்விளைவை எண்ணுவதில் இல்லை, ஒரு தடவை கற்றதை மாற்றிக்கொள்வதில்தான் இருந்தது. மில்னரின் சீட்டுகள் சொன்னதன் இன்னொரு வடிவம்தான் இது.

இனி, 'இப்போது எது செல்லும்' என்பதைச் சில நொடிகளுக்குப் பிடித்து வைப்பது எப்படி?

1930களில் யேல் பல்கலைக்கழகத்தில் கார்லைல் ஜேக்கப்சன் குரங்குகளுக்கு வைத்த சோதனை மிக எளியது. இரண்டு கிண்ணம், ஒன்றின் கீழ் தீனியை வைப்பதைக் குரங்கு பார்க்கிறது. திரை இறங்குகிறது. சில நொடி கழித்துத் திரை ஏறுகிறது. எந்தக் கிண்ணம்? முன்நெற்றிப் புறணி இல்லாத குரங்கு கோட்டைவிட்டது. 'நினைவு அழிந்தது' என்றுதான் முதலில் படித்தார்கள். 1942இல் மால்மோ என்பவர் அந்த இடைவெளி நொடிகளில் விளக்கை அணைத்துப் பார்த்தார். இருட்டில் அதே குரங்குகள் சரியாக எடுத்தன! கவனத்தைக் கலைக்க எதுவும் இல்லையென்றால் தகவல் தங்குகிறது. இந்தத் துறையில் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு சொன்ன சோதனை இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

செல் அளவில் இதைக் காட்டியது ஃபுனாஹாஷி, புரூஸ், பட்ரீஷியா கோல்ட்மன்-ராகிச் மூவரும் 1989இல் வெளியிட்ட பதிவு. குரங்கு திரையின் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றியுள்ள எட்டு இடங்களில் ஒன்றில் அரை நொடி ஒளி மின்னும். பிறகு சில நொடிகள் ஒன்றுமில்லை. நடுப்புள்ளி அணைந்ததும், ஒளி இருந்த இடத்துக்குக் கண்ணைத் திருப்பினால் சாறு. அந்த வெற்று நொடிகளில் சில நியூரான்கள் விடாமல் சுட்டுக்கொண்டே (மின்துடிப்பு அனுப்பிக்கொண்டே) இருந்தன. அதுவும் ஒரு குறிப்பிட்ட திசைக்கு மட்டும். இடையில் சுடுவது தளர்ந்தால் குரங்கு பெரும்பாலும் தப்புச் செய்தது.

ஒளி போனபின் எப்படிச் சுடுகிறது? புறணியின் மூன்றாம் அடுக்கில் உள்ள பிரமிடு செல்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொள்கின்றன. ஒரே திசைக்குப் பழகியவை தங்களுக்குள் சுற்றிச் சுற்றிக் கொடுத்து வாங்குகின்றன. மெதுவாக மூடும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் (செல்லின் மேல் செய்தி வாங்கும் வாசல்கள்) இந்தச் சுற்றை அறுபடாமல் வைத்திருக்கின்றன. காபா என்ற அமுக்கும் வேதிப்பொருளைச் சுரக்கும் இடைநியூரான்கள் மற்ற திசைக்குரியவற்றை அமுக்குகின்றன. எப்போதும் தொடர்ந்து சுடுகிறதா, இல்லை விட்டுவிட்டு வெடித்து இடையில் சினாப்ஸின் (நியூரான்கள் சந்திக்கும் இடம்) தற்காலிக வலிமையில் தகவலை வைத்துக்கொள்கிறதா என்பதில் இன்னும் சண்டை ஓடுகிறது. இரண்டாவது தரப்பின் வாதத்திலும் சரக்கு இருக்கிறது.

இந்தச் சுற்று மிகவும் நொய்மையானது. 1979இல் புரோசோஸ்கியும் கோல்ட்மனும் சகாக்களும் குரங்கின் முன்நெற்றிப் புறணியிலிருந்து டோபமைன் என்ற வேதிச்செய்தியை மட்டும் வற்றவைத்தார்கள். அந்த இடத்தையே வெட்டியெடுத்ததற்கு ஏறத்தாழச் சமமான பாதிப்பு வந்தது. 'அப்படியானால் டோபமைன் கூடினால் நல்லதுதானே' என்று தோன்றும். அதுதான் இல்லை. இதன் வரைபடம் கவிழ்த்துப்போட்ட கிண்ணம் மாதிரி: குறைந்தாலும் கெடுதல், மிஞ்சினாலும் கெடுதல். விழிப்பிலும் பதற்றத்திலும் சுரக்கும் நார்அட்ரினலினும் அப்படியே. அளவாக இருக்கும்போது அது ஆல்ஃபா-2ஏ ஏற்பியில் அமர்ந்து, செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற உட்செய்தி மூலக்கூறைக் குறைத்து, சினாப்ஸுக்குப் பக்கத்தில் உள்ள அயனிக் கால்வாய்களை மூடுகிறது. சிக்னல் ஒழுகாமல் போய்ச் சேரும். பதற்றத்தில் வெள்ளமாகச் சுரக்கும்போது பிடிப்புக் குறைந்த ஆல்ஃபா-1 ஏற்பியும் தூண்டப்படுகிறது, கால்வாய்கள் திறந்துகொள்கின்றன, சுற்று அறுந்துவிடுகிறது. இதெல்லாம் நிமிடக்கணக்கில் நடப்பது. ஏமி ஆர்ன்ஸ்டன் குழு இதைப் படிப்படியாகக் காட்டியது. ஆல்ஃபா-2ஏயைத் தூண்டும் குவான்ஃபசின் அமெரிக்காவில் 2009இல் கவனக்குறைவு மிகைச்செயல் குறைபாட்டுக்கு அனுமதி பெற்றது இந்த ஆராய்ச்சித் தொடரின் கடைசிக் கண்ணி.

பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் 'எல்லாம் மறந்துபோச்சு' என்பதும், வெளியே வந்து டீ குடிக்கும்போது விடை வரிசையாக வருவதும் இதனால்தான். பதிந்தது எங்கும் போகவில்லை. தேடுபவர் கொஞ்ச நேரம் கையறு நிலையில் இருந்தார், அவ்வளவே.

நீண்ட நாள் அழுத்தம் வேறு வகை. பல வாரம் அழுத்தத்தில் வைத்த எலியில் உட்பக்க முன்நெற்றிப் புறணியின் நியூரான் கிளைகள் சுருங்குகின்றன, விதி மாற்றும் திறன் குறைகிறது. 2009இல் லிஸ்டன், மெக்யூவன், கேஸி மூவரும் பெரிய தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களை ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு மாத அழுத்தத்துக்குப் பின் கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது தடுமாறியது, அதற்குரிய இணைப்பும் தளர்ந்திருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாத ஓய்வுக்குப் பின் இரண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டன.

இப்போது பயத்துக்கு வருவோம். சர்க்யூட் என்று நீங்கள் கேட்டதற்கு மிகத் தெளிவான பதில் இங்கேதான் இருக்கிறது.

முதல் நாள். எலியை அடித்தளம் கம்பிகளால் ஆன பெட்டியில் விடுகிறார்கள். 30 நொடி ஒரு ஒலி. ஒலி முடியும்போது அரை நொடி, சுமார் அரை மில்லி ஆம்பியர் அளவில் காலில் அதிர்ச்சி. ஐந்தாறு தடவை போதும். அதன்பின் ஒலியைக் கேட்டாலே எலி உறைந்து நிற்கும். மூச்சைத் தவிர எந்த அசைவும் இருக்காது. இந்த உறைவு நேரத்தைத்தான் அளக்கிறார்கள். இரண்டாம் நாள் ஒலி மட்டும், இருபது தடவை போல. அதிர்ச்சி இல்லை. உறைவு படிப்படியாகக் குறையும். மூன்றாம் நாள் மறுபடி ஒலி, 'நேற்றுக் கற்றது நினைவிருக்கிறதா' என்று பார்க்க.

2000இல் புவேர்ட்டோ ரிக்கோவின் போன்சே நகரில் கிரெகரி க்வெர்க் ஆய்வகம் உட்பக்க முன்நெற்றிப் புறணியின் கீழ்ப்பகுதியைச் சிதைத்த எலிகளில் இதைச் செய்தது. பயம் சாதாரணமாக வந்தது. ஒலி மட்டும் கொடுத்தபோது உறைவும் சாதாரணமாகக் குறைந்தது. மறுநாள்தான் வித்தியாசம்: நேற்று எதுவுமே நடக்காததுபோலப் பயம் முழுசாகத் திரும்பிவிட்டது. 2002இல் மிலாத், க்வெர்க் இருவரும் அங்கே மின்முனை வைத்துக் கேட்டார்கள். இன்ஃப்ராலிம்பிக் என்ற அந்தத் துண்டின் நியூரான்கள் பயம் கற்கும்போது ஒலிக்குச் சுடவில்லை, ஒலி மட்டும் கொடுத்த பயிற்சியிலும் இல்லை. மறுநாள் சுட்டன. எந்த எலியில் அதிகம் சுட்டதோ அது குறைவாக உறைந்தது. பயம் நீக்கும் பயிற்சியே கொடுக்காத எலியில், ஒலி தொடங்கி 100 முதல் 400 மில்லிநொடிக்குள் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டினாலும் உறைவு குறைந்தது.

பாதை இப்படிப் போகிறது. பயத்தின் இணைப்பு அமிக்டலா என்ற, பயத்தைக் கையாளும் பகுதியின் அடிப்பக்கவாட்டுக் கருவில் பதிகிறது. அங்கிருந்து நடுக்கரு, அங்கிருந்து நடுமூளையின் நாளத்தைச் சுற்றிய சாம்பல் பகுதி, அங்கிருந்து தசைகள்: உறைவு. அடிப்பக்கவாட்டுக் கருவுக்கும் நடுக்கருவுக்கும் இடையே காபா செல்கள் சிறு திட்டுகளாக இருக்கின்றன, வாசல் காவல் மாதிரி. இன்ஃப்ராலிம்பிக் செய்தி வந்தால் இந்தத் திட்டுகள் விழித்து நடுக்கருவை அமுக்குகின்றன. செய்தி நேராகத் திட்டுகளுக்குப் போகிறதா, அடிப்பக்கவாட்டுக் கரு வழியாகச் சுற்றிப் போகிறதா என்பதில்தான் வாதம். எதுவானாலும் வெளியேறும் வழியில்தான் மறிப்பு. ஒலி-அதிர்ச்சி இணைப்பை யாரும் அழிக்கவில்லை.

அழியவில்லை என்பதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. சில வாரம் சும்மா விட்டால் பயம் தானாகத் திரும்பும், இதைப் பாவ்லோவே எழுதியிருக்கிறார். பயிற்சி நடந்த பெட்டியை விட்டு வேறு பெட்டியில் ஒலி கேட்டால் திரும்பும். ஒலியே இல்லாமல் ஒரு அதிர்ச்சி மட்டும் கொடுத்தாலும் திரும்பும். 'பயத்தை மறக்க வைக்கிறது' என்று நீங்கள் படித்தது இதனால் தவறான சொல். 'இந்த ஒலி ஆபத்து', 'இந்த ஒலிக்கு இங்கே ஆபத்தில்லை' என்று இரண்டு நினைவுகளும் இருக்கின்றன. இரண்டாவதுதான் இடம், காலம் பார்த்துச் செல்லுபடியாகிறது. இடத்தைச் சொல்வது ஹிப்போகாம்பஸ்.

நாய்ப் பயத்துக்கோ பல்லிப் பயத்துக்கோ படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இதிலிருந்து நேரடியாகக் கிடைப்பவை சில. ஒரே அறையில், ஒரே நாயிடம், சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பழகினால், தெருவில் வேறு நாயைக் கண்டதும் பழையது திரும்புவதில் வியப்பில்லை. இடம், நேரம், நாய் எல்லாம் மாற்றி மாற்றிப் பழக வேண்டும். இரண்டாவது, அதிர்ச்சி நடந்த கையோடு பயிற்சி கொடுத்தால் நிற்காது. 2006இல் மேரன், சாங் இருவரும் காட்டியது: கால் மணி நேரத்தில் கொடுத்த பயிற்சி மறுநாள் காணாமல் போய்விடுகிறது, ஒரு நாள் கழித்துக் கொடுத்தது தங்குகிறது. பதற்றம் தணியாத மூளையில் முன்நெற்றிப் புறணி வேலைக்கே வரவில்லை என்பதுதான் இதற்குச் சொல்லும் காரணம். மூன்றாவது, பயம் ஒரு தடவை திரும்பினால் சிகிச்சை வீண் என்று விட்டுவிடக்கூடாது. அது எதிர்பார்க்க வேண்டியதே.

இதில் ஒரு முடிச்சும் விழுந்தது. 2015இல் டோ மான்டேயும் க்வெர்க்கும் ஒளியால் நியூரான்களை அணைக்கும் முறையில் இதையே மறுபடி பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒலியின்போது இன்ஃப்ராலிம்பிக்கை அணைத்தால் மூன்றாம் நாள் பயம் திரும்புகிறது, எதிர்பார்த்தபடியே. ஆனால் மூன்றாம் நாள் மட்டும் அணைத்தால் ஒன்றும் ஆகவில்லை! கற்கும்போது வேண்டும், எடுக்கும்போது அவசியமில்லை. ஆக, எப்போதும் காலை அழுத்தி வைத்திருக்கும் 'பிரேக்' என்று அதைச் சொல்வது பொருந்தாது. அதே ஆண்டு அதே ஆய்வகம் சற்று மேலே உள்ள ப்ரீலிம்பிக் துண்டைப் பற்றியும் காட்டியது. பயத்தை வெளிப்படுத்துவது அது. கற்ற ஆறு மணி நேரத்தில் அமிக்டலாவுக்குப் போகும் அதன் கிளை தேவை. ஏழு நாள் கழித்து அந்தக் கிளை தேவையில்லை, மூளையின் நடுவில் உள்ள தலாமஸின் நடுக்கோட்டுக் கருவுக்குப் போகும் கிளை தேவைப்படுகிறது. அதே பயம், அதே உறைவு, உள்ளே வழி மாறிவிட்டது.

பழக்கம் என்பதிலும் இதே இரண்டு துண்டுகள் வருகின்றன. எலி நெம்புகோலை அழுத்தினால் இனிப்பு உருண்டை. சில நாள் பயிற்சிக்குப் பின், அந்த உருண்டையையே வயிறு முட்டத் தின்னக் கொடுக்கிறார்கள், அல்லது தின்றபின் லித்தியம் குளோரைடு ஊசியால் குமட்டவைக்கிறார்கள். பிறகு உருண்டை எதுவும் வராத நிலையில் நெம்புகோலைக் கொடுக்கிறார்கள். உருண்டை வந்தால் அங்கேயே புதிதாகக் கற்றுவிடும், சோதனை பாழ். கொஞ்சம் பழகிய எலி அழுத்துவதைக் குறைக்கும். வாரக்கணக்கில் பழகிய எலி வேண்டாத தீனிக்காகவும் அழுத்திக்கொண்டே இருக்கும். ப்ரீலிம்பிக் போனால் கொஞ்சம் பழகிய எலியே பழக்கதோஷக்காரன்போல நடக்கிறது. இன்ஃப்ராலிம்பிக் போனால் நீண்டநாள் பழகிய எலிகூட யோசித்து நிறுத்துகிறது. 2012இல் எம்.ஐ.டி.யில் கைல் ஸ்மித், ஆன் க்ரேபில் இருவரும் டி வடிவப் பாதையில் எலி ஓடும் சில நொடிகள் மட்டும் இன்ஃப்ராலிம்பிக்கை ஒளியால் அணைத்தார்கள். ஊறிப்போன பழக்கம் உடனே நின்றது. பிறகு எலி புதிய பழக்கம் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. மறுபடி அணைத்தபோது புதியது போய்ப் பழைய பழக்கம் தலை தூக்கியது. அங்கேயும் எதுவும் அழிந்திருக்கவில்லை.

பயத்தில் நல்லவன், பழக்கத்தில் கெட்டவன் என்று இன்ஃப்ராலிம்பிக்கைப் பார்த்தால் முரணாகத் தெரியும். இரண்டிலும் அது பின்னால் கற்றதன் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் முரண் இல்லை. இது என் வாசிப்பு. எல்லோரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

நீண்டகால நினைவில்தான் நீர்பாய்ச்சி உவமை கொஞ்சம் இடிக்கிறது. ஹிப்போகாம்பஸின் அடிப்பகுதியிலிருந்து முன்நெற்றிப் புறணிக்கு நேர்வழி உண்டு. திரும்பிப்போகும் வழி பெரும்பாலும் தலாமஸின் ரியூனியன்ஸ் கரு மூலம். பெட்டியைக் கண்டு பயப்படும் எலிச் சோதனைகளில், முதல் நாள் ஹிப்போகாம்பஸ் இல்லாமல் ஆகாது. வாரங்கள் கழித்து முன்பகுதிப் புறணி இல்லாமல் ஆகாது. நினைவு ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு இடம் பெயர்கிறது என்று நீண்டகாலம் நம்பினார்கள். 2017இல் டோனெகாவா ஆய்வகத்தில் கிடாமுரா குழு காட்டியது வேறு. அந்த நினைவுக்குரிய செல்கள் முன்நெற்றிப் புறணியில் முதல் நாளே தேர்வாகிவிடுகின்றன. ஆனால் ஊமையாக இருக்கின்றன. ஒளியால் தூண்டினால் எலி உறைகிறது, பெட்டியைக் காட்டினால் அவை விழிப்பதில்லை. சுமார் இரண்டு வாரத்தில் ஹிப்போகாம்பஸின் உதவியோடு முற்றுகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் இரண்டு இடங்களின் அலைகளும் ஒன்றோடொன்று ஒத்து எழுவது இந்த முற்றலுக்கு உதவுகிறது. ஆக, இங்கேயும் ஒரு சுவடு உண்டு. 'நினைவே இல்லை' என்று ஒரேயடியாகச் சொல்வதற்கில்லை.

இந்த முற்றலைச் சுருக்கவும் முடியும். எடின்பரோவில் ரிச்சர்ட் மோரிஸ், டோரதி சே குழு எலிகளுக்கு ஆறு சுவை-இடம் ஜோடிகளை வாரக்கணக்கில் கற்றுத்தந்தது: இந்தச் சுவை கொடுத்தால் இந்த மணல்குழியில் தீனி. களம் மனத்தில் படிந்தபின் இரண்டு புதிய ஜோடிகளை ஒரே ஒரு தடவை காட்டினார்கள். மூன்று மணி நேரத்தில் ஹிப்போகாம்பஸை நீக்கினால் புதியவை போயின. 48 மணி நேரம் கழித்து நீக்கினால் தங்கின! வாரங்கள் எடுக்க வேண்டியது இரண்டு நாளில் முடிந்தது. அப்போது முன்நெற்றிப் புறணியில் கற்றலுக்குரிய மரபணுக்கள் தூண்டப்பட்டிருந்ததை 2011இல் காட்டினார்கள். பாடத்தின் எலும்புக்கூட்டை முதலில் கட்டிக்கொண்டவர் உதிரித் தகவலை ஒரு தடவை படித்தே பிடித்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல விலங்கு மாதிரி இல்லை.

இந்த ஆய்வுகளை நீங்களே எடுத்துப் படிப்பதாக இருந்தால், வழுக்கும் இடங்கள் சில உண்டு. சுண்டெலியில் ப்ரீலிம்பிக்குக்கும் இன்ஃப்ராலிம்பிக்குக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒளிக்குக் கட்டுப்படும் புரதத்தை நியூரான்களில் உண்டாக்க வைரஸைச் செலுத்துவார்கள்; அது ஊசி வழியே மேலே கசிந்தால் எதை அணைத்தோம் என்றே தெரியாது. அதனால் மூளைச் சீவல் படங்கள் இல்லாத கட்டுரையை நம்ப வேண்டாம். ஒளிப்புரதம் தொலைவில் உள்ள நரம்பு நுனிவரை போய்ச்சேர வாரங்கள் ஆகும். அவசரப்பட்டால் 'விளைவில்லை' என்று பொய்யான முடிவு வரும். நரம்பு நுனியில் ஒளி பாய்ச்சித் தூண்டினால் மின்துடிப்பு பின்னோக்கி ஓடி அதே செல்லின் மற்றக் கிளைகளையும் தூண்டிவிடும். 'இந்தப் பாதைதான்' என்ற முடிவு அங்கேயே ஆட்டம் காணும். அணைக்கும் புரதமான ஆர்க்கீரோடாப்சினை நுனியில் நிமிடக்கணக்கில் ஒளியூட்டினால் அமைதிக்குப் பதில் நுனியிலிருந்து வேதிச்செய்தி தானாகச் சுரப்பது கூடுகிறது. ஒளியின் சூடே நியூரானை மாற்றும், ஆகவே வெறும் ஒளிர்புரதம் மட்டும் கொடுத்த ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா என்று பாருங்கள். உறைவை மட்டும் அளந்தால் வேறொரு தப்பும் நேரும்: பெண் எலிகளில் கணிசமானவை பயந்தால் உறைவதற்குப் பதில் பாய்ந்து ஓடுகின்றன. காமிரா அதைப் 'பயமில்லை' என்று எழுதிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வழுக்கல், எலியின் துண்டை அப்படியே மனித மூளையில் ஒட்டுவது. குரங்கிலும் மனிதரிலும் உள்ள மேற்பக்கவாட்டுப் பகுதிக்கு எலியில் நேர் இணை கிடையாது. நான்காம் அடுக்கில் குருணைச் செல்கள் கொண்ட முன்நெற்றிப் புறணியே எலிக்கு இல்லை. இன்ஃப்ராலிம்பிக்குக்கு இணை என்று 25ஆம் பகுதியை (புறணி வரைபடத்தில் உள்ள எண்) சொல்வது வழக்கம். கேம்பிரிட்ஜில் ஏஞ்சலா ராபர்ட்ஸ் குழு 2017இல் மார்மோசெட் குரங்கில் அந்த 25ஆம் பகுதியை அணைத்துப் பார்த்தது. எலியை வைத்துக் கணக்குப் போட்டால் பயம் கூடியிருக்க வேண்டும். குறைந்தது. ப்ரீலிம்பிக்குக்கு இணை என்று சொல்லப்பட்ட 32ஆம் பகுதியை அணைத்தபோதுதான் பயம் நீடித்தது.